புது ரீஃப் டேங்கில் மீன் விடும் முன் பாக்டீரியாவை எப்படி வளர்ப்பது

ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர் டேங்க் வைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை நாள் கழித்து மீன் விடலாம் என்பதைத்தான். நாள் கணக்கு இதற்கு ஒத்துவராது. டேங்கில் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியாவைப் போட்டு, மறுநாள் அதே நேரத்தில் டெஸ்ட் செய்தால் பூஜ்ஜியம் காட்டுகிறதா? காட்டினால் விடலாம். இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும், பாக்டீரியா பாட்டில் மேல் ‘உடனடி’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் விடக்கூடாது. சிலருக்கு இந்த நிலை பத்து நாளில் வந்துவிடும், காய்ந்த கல்லை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். சென்னை மாதிரி வெயிலும் உவர்ப்புத் தண்ணீரும் உள்ள ஊரில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். பழைய புத்தகங்களில் இந்த இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று பேர் போட்டிருக்கும். 1990களில் மீன்தொட்டி ஃபில்டர்களில் உள்ள பாக்டீரியாவின் மரபணுவை ஆராய்ந்தபோது நைட்ரோபாக்டர் தட்டுப்படவே இல்லை, அந்த இடத்தில் இருந்தது நைட்ரோஸ்பைரா வகை. நமக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவை எல்லாம் மிக மெதுவாகப் பெருகுகிறவை. சாப்பாட்டைக் கெடுக்கிற சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடும். இவை இரண்டாகப் பெருக அரை நாளுக்கு மேல் ஆகும், சில சமயம் ஒரு நாளையும் தாண்டும். அவசரப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

உப்புத் தண்ணீரில் அம்மோனியா ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது என்றால், நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7 பக்கத்தில் இருக்கும், கடல் தொட்டியில் 8.2 வரை போகும். பி.எச். ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு பல மடங்கு கூடிவிடும். நன்னீரில் கோல்டுஃபிஷ் சமாளித்த அளவு இங்கே மீனைக் கொன்றுவிடும். நைட்ரைட் கதை தலைகீழ். நன்னீர் மீனுக்கு அது கடும் விஷம், ஆனால் கடல் நீரில் குளோரைடு ஏகப்பட்டது இருப்பதால் செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போக வழியில்லாமல் போகிறது. அதனால் நைட்ரைட் இன்னும் இறங்கவில்லையே என்று மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பவை அல்ல. கல், மணல், ஸ்பாஞ்ச், பைப்பின் உட்புறம் என்று கிடைத்த பரப்பில் எல்லாம் வழுவழுப்பாகப் படலம் கட்டிக்கொண்டு வாழ்பவை. ஆகவே நண்பர் வீட்டு டேங்கிலிருந்து இரண்டு குடம் பழைய தண்ணீர் வாங்கி வந்து ஊற்றுவதில் பெரிய பலன் கிடையாது. அதே நண்பரிடம் கைப்பிடி அளவு கல்லோ, சம்பில் (டேங்கின் கீழே ஃபில்டர் வைக்கும் துணைத் தொட்டி) கிடக்கும் ஒரு ஸ்பாஞ்சோ கேட்டு வாங்கினால் அது பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, மிச்சம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரும் உப்பும்

வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின் போதுமே என்று நினைப்பீர்கள். போதாது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கும், அல்லது மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும். வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50, 80 என்று நிற்கும். அந்த ஏற்பாட்டை மூடிவிட்டு, கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் சிலிண்டர் ஒன்று மாட்டினால் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். கோடையில் போர் தண்ணீரின் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டுகிற தெருக்களில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும், மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் வேறு இருக்கும். கிருமியைக் கொல்வதற்காகப் போடுவது, நாம் வளர்க்கப் பார்க்கும் பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்காது. கார்பன் ஃபில்டரைக் காலத்தோடு மாற்றுங்கள்.

கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது, நேராகக் கடல் தண்ணீரே எடுத்து வந்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ கரையில் நின்று கேனில் மொண்டு வருவதைச் சொல்கிறீர்கள் என்றால், வேண்டாம். அடையாறும் கூவமும் வந்து கலக்கும் கடல் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பின் அளவும் இறங்கிவிடும். படகில் ஆழத்துக்குப் போய் எடுத்து வந்து விற்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சால்ட் மிக்ஸ் செலவு பிடிக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி., அதாவது அடர்த்தி 1.026 பக்கம் வர வேண்டும். தனி டிரம்மில் கலந்து ஒரு இரவு சுற்ற விட்ட பிறகு டேங்கில் ஊற்றுங்கள். நாளாக நாளாகத் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஈடு கட்ட வேண்டும், உப்பு எங்கேயும் போயிருக்காது.

கல் எங்கே வாங்குவது

மற்ற நாடுகளில் லைவ் ராக் என்று கடலிலிருந்து நேராக எடுத்த கல்லை விற்பார்கள், அதைப் படித்துவிட்டு இங்கேயும் பலர் தேடுகிறார்கள். ராமேஸ்வரம் பக்கத்துக் கல், தூத்துக்குடி கல் என்று யாராவது கொடுத்தால் கையால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். உயிரோடு இருப்பது, செத்தது என்று அதில் பேதம் கிடையாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அங்கே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. நம் வரவேற்பறை அழகுக்காக அங்கேயிருந்து இன்னும் ஒரு கல் வர வேண்டியதில்லை. இறக்குமதிப் பவளம் என்று விற்றாலும் அதற்கான காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

செயற்கையாகச் செய்த காய்ந்த ரீஃப் கல்லும், அதோடு சம்பில் போடும் துளை நிறைந்த செராமிக் மீடியாவும் போதும். கல்லை அடுக்கும்போது தண்ணீர் நடுவில் புகுந்து போக இடம் விடுங்கள், சுவர் மாதிரி அடுக்கினால் பின்னால் அழுக்கு தேங்கும். சிமென்ட் கலந்த கல் என்றால் பல வாரம் ஊறப்போட்டு, ஊறின தண்ணீரின் பி.எச். இறங்கின பிறகு பயன்படுத்துங்கள். யாரோ மூடிவிட்ட பழைய டேங்கின் கல் சல்லிசாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அது வருடக்கணக்கில் உறிஞ்சி வைத்த பாஸ்பேட்டை மெல்ல மெல்லக் கக்கும், தனி டிரம்மில் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் டேங்கில் வைக்க வேண்டும். நண்பரிடம் வாங்கும் உறைக் கல்லில் வேறு ஒரு ஆபத்து. வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமி உறை கட்டிக்கொண்டு கல்லில் வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும், ஐப்டேசியா என்ற கொட்டும் கடல் சாமந்தியும் சேர்ந்து வந்துவிடும். மீன் இல்லாத சம்பிலிருந்து எடுத்த துண்டாகக் கேளுங்கள்.

அம்மோனியா ஊட்டுவது

கல்லும் தண்ணீரும் தயார், தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஓடுகிறது, தண்ணீர் மேற்பரப்பு நன்றாகக் கலங்குகிறது. இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும், அதனால் ஏர் பம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். லைட் வேண்டாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை. யு.வி. விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். வெப்பநிலை 26 முதல் 30 வரை எங்கே நின்றாலும் பரவாயில்லை, மீன் விடாத இந்தக் கட்டத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்காக மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டாம். பவளம் வரும்போது சில்லர் இல்லாமல் சென்னை மே மாதத்தைத் தாண்ட முடியாது என்பது வேறு விஷயம்.

இப்போது தீனி. முன்பெல்லாம் டாம்செல் மீன் இரண்டை விட்டு அதன் கழிவிலேயே டேங்கைத் தயார் செய்வார்கள். மீனின் செவுள் வெந்துபோகும். பிழைத்த டாம்செல் டேங்கே தன்னுடையது என்று பின்னால் வரும் எந்த மீனையும் இருக்க விடாது, கல்லை எல்லாம் கலைக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது. பச்சை இறாலை வலைப்பையில் கட்டித் தொங்கவிடும் முறையும் இருக்கிறது. வேலை நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று கணக்குத் தெரியாது, பாஸ்பேட் ஏறும், நாற்றத்தில் வீட்டில் உள்ளவர்கள் டேங்கை வெளியே தூக்கிப் போடச் சொல்வார்கள்.

அளந்து போடுவதற்கு அம்மோனியம் குளோரைடுதான் வசதி. நம் ஊர் நவச்சாரம். நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தில் என்னென்ன கலந்திருக்குமோ, ஆகவே ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் சுத்தமான தூளாக வாங்குங்கள், ஒரு டப்பா ஆயுசுக்கும் வரும். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் 2 பி.பி.எம். வரும். சமையலறைத் தராசில் 0.6 கிராம் நிறுக்க முடியாது என்பதால் 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 மில்லி எடுத்தால் 100 லிட்டர் தண்ணீருக்குச் சரி. பாட்டில் மேல் பேர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். டேங்க் 200 லிட்டர் என்றால் கல்லும் மணலும் போக உள்ளே தண்ணீர் 160, 170 லிட்டர்தான் இருக்கும், அந்தக் கணக்கில் ஊற்றுங்கள். 5 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் பாக்டீரியாவே தடுமாறும், அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்பது தப்புக் கணக்கு.

அம்மோனியா போட்ட அன்றே பாட்டில் பாக்டீரியாவையும் ஊற்றலாம். பாட்டில் வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான்: அம்மோனியாவைத் தின்னும் உண்மையான பாக்டீரியாவுக்கு விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் சக்தி கிடையாது. ஆறு மாதம் வெயிலடிக்கும் அலமாரியில் இருந்த பாட்டிலில் உயிரோடு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கடையில், காலாவதித் தேதி பார்த்து, கடல் தொட்டிக்கானது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நன்னீர் வகை இங்கே எடுபடாது. சித்திரை வெயிலில் கூரியரில் மூன்று நாள் சுற்றி வரும் பாட்டிலுக்குப் பதில், சென்னையில் மீன் கடைகள் இருக்கும் கொளத்தூருக்கு ஒரு நடை போய் ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டு வரலாம். சில பாட்டில்களில் இருப்பது பாசில்லஸ் வகை, அது கழிவைச் சிதைக்கும், அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், இரண்டு நாளைக்கு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும் ஃபில்டர் சாக்கையும் நிறுத்தி வையுங்கள்.

டெஸ்ட் கிட் சொல்வதும் சொல்லாததும்

முதலில், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை மட்டும் எடுத்து அம்மோனியா பார்த்துவிடுங்கள். சில கிட் ஒன்றுமில்லாத தண்ணீரிலும் லேசாகப் பச்சை காட்டும். உங்கள் கிட்டில் பூஜ்ஜியம் என்றால் என்ன நிறம் என்பது அப்போதுதான் பிடிபடும். குழல் விளக்கின் கீழ் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்து கிடக்கும், கை வலிக்க அரை நிமிடம் குலுக்காமல் சொட்டு விட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய் சொல்லும்.

முதல் சில நாள் எதுவும் நடக்காது. அம்மோனியா 2-லேயே நிற்கும். அப்புறம் நைட்ரைட் லேசாக ஊதா காட்டும், அதுதான் முதல் நல்ல சேதி. அம்மோனியா அரைக்குக் கீழே இறங்கியதும் மறுபடி 2-க்கு ஏற்றுங்கள். தினமும் ஊற்றாதீர்கள், ஏனென்றால் 2 பி.பி.எம். அம்மோனியா கிட்டத்தட்ட 5 பி.பி.எம். நைட்ரைட்டாக வந்து நிற்கும், இரண்டு தடவையிலேயே கிட்டின் அளவைத் தாண்டிவிடும். நைட்ரைட் நிறைய இருக்கும்போது நைட்ரேட் கிட்டும் ஏமாற்றும், நைட்ரைட்டையும் சேர்த்துப் படித்து 100, 150 என்று பயமுறுத்தும். நைட்ரைட் இறங்கும் வரை அந்த கிட்டைத் திறக்காமலே இருக்கலாம்.

எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் பலர் இன்னொரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறார்கள். அதற்கு முன் ஆல்கலினிட்டியை, அதாவது பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மையைப் பாருங்கள். அம்மோனியாவை மாற்றும் வேலையில் அது கரைந்துகொண்டே வரும், நான்கைந்து தடவை ஊட்டியதில் 2, 3 டி.கே.எச். (ஆல்கலினிட்டியின் அலகு) இறங்கியிருக்கும். 7-க்குக் கீழே போயிருந்தால் ஆப்பசோடா, 100 லிட்டருக்கு 3 கிராம், 1 டி.கே.எச். ஏறும். வாசனை, நிறம் சேர்க்காத வெறும் சோடியம் பைகார்பனேட்தானா என்று கவரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 பி.பி.எம். போட்டு மறுநாள் பூஜ்ஜியம் வந்துவிட்டால், ஒரு தடவை வந்ததோடு நம்பாமல் இன்னொரு தடவையும் செய்து பாருங்கள். இரண்டு தடவையும் வந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஒன்று அல்லது இரண்டு சின்ன மீன் விடலாம். பாக்டீரியா கல்லில்தான் இருக்கிறது, தண்ணீரை மாற்றுவதால் குறையாது. தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீனாகப் பாருங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள், கடலில் பிடித்த மீனைத் தேடி ஓட வேண்டியதில்லை. அடுத்த மீனுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். தீனி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பாக்டீரியா கூட்டம் இருக்கும், ஒரே நாளில் ஆறு மீன் விட்டால் அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெருக பாக்டீரியாவுக்கு நேரம் வேண்டும். மீன் வருவது தள்ளிப்போனால் மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் அம்மோனியா கொடுத்துக்கொண்டிருங்கள்.

அதற்குப் பிறகு வரும் அசிங்கம்

லைட் போட்ட சில நாளில் மணல் மேல் டீத்தூள் நிறத்தில் தூசி மாதிரி படியும். விரலால் தள்ளினால் பொடியாகப் பறக்கும், காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி இருக்கும். டயட்டம் என்ற நுண்பாசி அது. தண்ணீரில் சிலிகேட் தீர்ந்ததும் தானே போய்விடும். பிறகு பச்சைப் பாசி வரும், சில டேங்கில் ஒயின் நிறத்தில் தோல் மாதிரி உரிந்து வரும் சயனோபாக்டீரியாவும் வரும். இதெல்லாம் டேங்க் கெட்டுப்போனதற்கு அடையாளமே இல்லை. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தின்னும் இரண்டு வகை மட்டும்தான் இதுவரை குடியேறியிருக்கிறது, காலியாகக் கிடக்கும் மிச்சப் பரப்பை யார் முதலில் வந்தார்களோ அவர்கள் பிடிக்கிறார்கள். கழிவைச் சிதைப்பவை, கல்லின் உள்ளே காற்றில்லாத துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குபவை, ஊதாப் பூச்சு மாதிரி படரும் கோரலைன் பாசி எல்லாம் இடம் பிடிக்க மாதங்கள் ஆகும்.

இந்தக் கட்டத்தில் பயந்து போய்த்தான் நிறையப் பேர் டேங்கைக் கெடுக்கிறார்கள். பாசிக்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தானே என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ., வோட்கா, வினிகர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு இரண்டையும் பூஜ்ஜியத்துக்கு இறக்குவார்கள். பச்சைப் பாசி போகும், அந்த இடத்துக்கு டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரும். பழுப்பு நிறச் சளி நூலாகத் தொங்கி, நூல் நுனியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருக்கும், ராத்திரியில் குறைந்து லைட் போட்டதும் திரும்பி வரும். சில வகை விஷமும் கக்கும், நத்தைகள் கொத்தாகச் சாகும். அதை விரட்டுவது பாசியை விரட்டுவதை விடப் பத்து மடங்கு கஷ்டம். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும். லைட்டைக் குறைவான நேரம் போடுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், நத்தை நாலைந்து விடுங்கள், நண்பர் டேங்கிலிருந்து ஒரு கரண்டி மணலும் கோப்பிபாட் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிர்களையும் கொஞ்சம் வாங்கிப் போடுங்கள்.

மீனுக்கு நோய் வந்தால் மருந்தைப் பெரிய டேங்கில் ஊற்ற வேண்டாம். தாமிர மருந்து நத்தையையும் பவளத்தையும் கொல்லும், கல்லில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவையே சேர்த்து அடிக்கும். அதற்குத்தான் சம்பில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் அதிகப்படியாகக் கிடக்க வேண்டும் என்று சொல்வது. தேவைப்படும் அன்று அதை எடுத்துச் சின்னத் தொட்டியில் போட்டால் அன்றே அந்தத் தொட்டி தயார். ஸ்பாஞ்சையோ மீடியாவையோ கழுவ வேண்டியிருந்தால் டேங்கிலிருந்து எடுத்த பழைய உப்புத் தண்ணீரில் அலசுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் கரன்ட். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள், கரன்ட் போனதும் தானாக ஓடும் வகை இருக்கிறது. திறந்த கல்லில் உள்ள பாக்டீரியா சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கேனிஸ்டர் ஃபில்டர் அப்படி அல்ல, மூடின டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து உள்ளே இருப்பது செத்து அழுகத் தொடங்கிவிடும். ரொம்ப நேரம் கழித்துக் கரன்ட் வந்தால் அதை அப்படியே ஓடவிடாமல், முதலில் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டி, மீடியாவை உப்புத் தண்ணீரில் அலசி, அதன் பிறகு மாட்டுங்கள், அடுத்த இரண்டு நாள் அம்மோனியாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.